ஆலம்பரைக் கோட்டை

ஆலம்பரைக் கோட்டை செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில், கடப்பாக்கத்தை அடுத்த கடலோரத்தில் உள்ள சிதைந்த கோட்டை. மரக்காணம் உப்பளங்களுக்கு வடக்கே, உப்பங்கழி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகில் அமைந்துள்ளது. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் துறைமுகக் கோட்டையாகவும் நாணயச்சாலையாகவும் விளங்கியது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயப் படையால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையில் எஞ்சிய பகுதிகளும் சேதமடைந்தன.

அமைவிடமும் பெயரும்

கோட்டை அமைந்துள்ள பகுதி இடைக்கழிநாடு எனப்படுகிறது. ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் கழியும் இருக்க, இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் என்பதால் இப்பெயர் பொருத்தமாக அமைந்தது. இதன் தெற்கே இடையன்திட்டுக் கழியும், அதனோடு தொடர்புடைய கழுவேலி ஏரியும், மரக்காணம் உப்பளங்களும் உள்ளன. பக்கிங்காம் கால்வாய் இப்பகுதி வழியாகச் சென்று மரக்காணத்தில் முடிகிறது.

ஆலம்பரை என்ற பெயர் ஆலம்பறை, ஆலம்பாறை என்றும் எழுதப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஆவணங்களில் ஆலம்பர்வா என்றும், பிரெஞ்சு ஆவணங்களில் ஆலம்பர்வே என்றும் காணப்படுகிறது. பழைய போர்க் குறிப்புகளில் இப்பெயர்களைக் காண்பவர்கள் அது எந்த ஊர் என்று அறியாமல் கடந்துவிடுவது உண்டு.

கோட்டைக்கு முந்தைய கடற்கரை

கோட்டை கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கடற்கரை வணிகத்துக்கு அறியப்பட்டிருந்தது. பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் அந்நூலில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. இதை ஆய்வாளர்கள் பலர் இன்றைய மரக்காணத்தோடு பொருத்துகின்றனர். எயில் என்றால் மதில், கோட்டை என்று பொருள். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா என்ற துறையும் மரக்காணமே என்ற கருத்து உண்டு.

சோழர் காலத்திலும் மரக்காணம் தொடர்ந்து முக்கிய ஊராக இருந்தது. இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பளங்களைச் சோழர் கல்வெட்டுகள் அளம், பேரளம் என்ற சொற்களால் குறிக்கின்றன. உப்பளம் என்ற சொல்லில் இன்றும் வழங்கும் அளம் அதுவே. தமிழ்நாடு தொல்லியல் துறை 2005-06-ல் மரக்காணத்தில் அகழாய்வு செய்தது.

கட்டப்பட்ட காலமும் தேவையும்

கோட்டை கட்டப்பட்ட காலம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயர் ஆட்சியில் கட்டப்பட்டது என்பது ஒன்று. 1736-க்கும் 1740-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டப்பட்டது என்பது மற்றொன்று. 1730-களின் நடுவில் இது ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானின் ஆளுகையில் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

கோட்டையின் தேவையை அக்கால அரசியல் விளக்குகிறது. மராத்தியர்களிடமிருந்த செஞ்சியை ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-ல் முகலாயப் படை பிடித்தது. அதன்பின் வடதமிழகத்தின் உள்நாடு முகலாயர் சார்பில் ஆண்ட நவாபுகளின் கைக்கு வந்தது. ஆனால் கடற்கரையின் முக்கியத் துறைகள் ஏற்கனவே ஐரோப்பியர்களிடம் இருந்தன. சென்னையில் ஆங்கிலேயரும், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், தரங்கம்பாடியில் டேனியரும் கோட்டை கட்டியிருந்தனர். கடல் வணிகத்தின் வருவாய் நேரடியாகக் கிடைக்க வேண்டுமானால் நவாபுக்குச் சொந்தத் துறை தேவைப்பட்டது. கோவளம், பரங்கிப்பேட்டை ஆகியவற்றோடு ஆலம்பரையும் அத்தகைய துறையாக விளங்கியது.

துறைமுகம்

சோழமண்டலக் கடற்கரையில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் சலங்கு எனப்படும் படகுகளில் அலைகளைக் கடந்து கரைக்கு வந்து சேர வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் இதே நிலைதான். இத்தகைய கடற்கரையில் படகுகள் அலையின்றி ஒதுங்க இடம் தரும் கழிமுகம் பெரும் வசதி. ஆலம்பரையில் அது இருந்தது. அத்துடன் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்துக்குப் படகுத்துறையும் அமைக்கப்பட்டிருந்தது.

இங்கிருந்து சரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை ஏற்றுமதியாயின. இவற்றில் உப்பு இப்பகுதியின் சொந்த விளைபொருள். கழியின் உவர்நீர், ஆண்டின் பெரும்பகுதி காயும் வெயில், சமதளமான களிமண் நிலம் ஆகிய மூன்றும் மரக்காணத்தை உப்பு விளையும் இடமாக்கின. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிக்கும் முறை இன்றும் தொடர்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்று, மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீர்செய்து மீண்டும் தொடங்கும்.

நாணயச்சாலை

ஆலம்பரையின் மதிப்பை உயர்த்தியது அதன் நாணயச்சாலை. ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கு பருத்தித் துணிகளை வாங்கக் கப்பல்களில் வெள்ளியைக் கொண்டுவந்தன. நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் வெள்ளிக் கட்டிகளாகக் கொடுக்க முடியாது. உள்ளூரில் செல்லுபடியாகும் ரூபாயாக மாற்ற வேண்டும். நாணயம் அடிக்கும் உரிமை முகலாயப் பேரரசருக்கும் அவர் சார்பில் ஆள்பவருக்கும் உரியது. நாணயச்சாலைக்கு வரும் வெள்ளிக்குக் கூலியும் அரசுப் பங்கும் பிடித்துக்கொள்ளப்படும். எனவே கடற்கரையிலேயே நாணயச்சாலை வைத்திருப்பவருக்கு, இறங்கும் வெள்ளியில் ஒரு பங்கு உறுதியாகக் கிடைத்தது.

இதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சொந்த நாணயச்சாலைக்காக நீண்டகாலம் முயன்றனர். புதுச்சேரி ஆளுநர் டூமா 1736-ல் தோஸ்த் அலிகானிடமிருந்து புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அங்கு அடிக்கப்பட்ட ரூபாய்களில் பிறை அடையாளம் இருந்தது. இந்த உரிமை புதுச்சேரி வணிகத்துக்குப் பெரும் ஆதாயமாக அமைந்தது.

தோஸ்த் அலிகான் 1740 மே மாதம் தாமலச்செருவு கணவாயில் மராத்தியர்களோடு நடந்த போரில் இறந்தார். அவர் குடும்பத்தினர் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். நவாபின் குடும்பத்துக்குப் பாதுகாப்பளிக்கும் நிலைக்குப் பிரெஞ்சுக் கம்பெனி உயர்ந்ததை இந்நிகழ்ச்சி காட்டியது. புதுச்சேரியில் துபாஷியாகப் பணிபுரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பு இக்கால நிகழ்ச்சிகளுக்கு முதன்மைச் சான்று. அதில் ஆலம்பரையும் குறிப்பிடப்படுகிறது.

பிரெஞ்சுக்காரர் வசம்

1740-களின் இறுதியில் ஆற்காட்டிலும் ஐதராபாத்திலும் ஒரே நேரத்தில் வாரிசுப் போட்டி எழுந்தது. புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, ஆற்காட்டுக்குச் சந்தா சாகிபையும் தக்காணச் சுபேதார் பதவிக்கு முசாபர் ஜங்கையும் ஆதரித்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். 1750 டிசம்பரில் செஞ்சி அருகே நாசிர் ஜங் கொல்லப்பட, முசாபர் ஜங் சுபேதாரானார்.

இந்த உதவிக்குப் பரிசாக ஆலம்பரைக் கோட்டை 1750-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழங்கப்பட்டது. புதுச்சேரிக்கு வடக்கே கடல்வழிக் காவல்நிலையமாகவும், படகுகள் ஒதுங்கும் துறையாகவும் அவர்களுக்கு அது பயன்பட்டது. பரிசளித்த முசாபர் ஜங் அடுத்த சில வாரங்களிலேயே, 1751-ன் தொடக்கத்தில், ஐதராபாத் செல்லும் வழியில் கொல்லப்பட்டார். டூப்ளே 1754-ல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். கோட்டை மட்டும் மேலும் சில ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது.

1758 ஏப்ரல் 29 அன்று கடலூருக்கு அருகே பிரெஞ்சுக் கடற்படைக்கும் ஆங்கிலேயக் கடற்படைக்கும் போர் நடந்தது. அதன்பின் ஆலம்பரைக்கு அருகே ஒதுங்கிய பிரெஞ்சுப் படையின் பியான் எமே என்ற போர்க்கப்பல் தரைதட்டி அழிந்தது.

1760-ல் வீழ்ச்சி

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை, லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அதன்பின் கூட் உடனே புதுச்சேரி மீது பாயவில்லை. சேத்துப்பட்டு, ஆற்காடு, திண்டிவனம் அருகேயுள்ள பெருமுக்கல் என்று சுற்றியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பெருமுக்கல் மலைக்கோட்டையைத் தாக்கியபோது அவருக்கே காயம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து ஆலம்பரையும் வீழ்ந்தது. புதுச்சேரிக்கு உணவும் படையும் செல்லக்கூடிய வழிகளை அடைப்பதே இந்நடவடிக்கையின் நோக்கம். தனித்து விடப்பட்ட புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்பு காலமானார்.

கைப்பற்றிய கோட்டையை ஏன் இடித்தார்கள் என்ற கேள்வி இயல்பாக எழும். சிறிய கடற்கரைக் கோட்டையைப் பிடித்தவர் அங்கே காவற்படை வைக்க வேண்டும். அதற்கு உணவும் சம்பளமும் அனுப்ப வேண்டும். காவல் இல்லாமல் விட்டால் எதிரியின் கப்பல் வந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும். சொந்தப் பயனுக்குத் தேவையில்லாத கோட்டையை எதிரிக்கும் பயன்படாமல் செய்வதே அக்காலப் போர்முறை. இதை இரு தரப்பும் செய்தன. 1758-ல் கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த லாலி அதை இடித்துத் தள்ளினார். 1752-ல் கோவளம் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவ் அதை அழித்தார். 1761-ல் புதுச்சேரியின் ஐந்துமுகக் கோட்டையும் நகரின் பெரும்பகுதியும் தரைமட்டமாக்கப்பட்டன.

1763 பாரிஸ் உடன்படிக்கை

போர் முடிந்து 1763-ல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் இழந்த ஊர்கள் திருப்பித் தரப்பட்டன. ஆனால் அதற்கு ஒரு எல்லை வகுக்கப்பட்டிருந்தது. 1749-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தவை மட்டுமே திரும்பக் கிடைக்கும். அதன்பின் சோழமண்டலக் கடற்கரையில் பெற்றவற்றின் மீதான உரிமையைப் பிரான்ஸ் கைவிட வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் திரும்பின. 1750-ல் பெற்ற ஆலம்பரை அந்தக் கணக்கில் வரவில்லை.

இடிக்கப்பட்ட புதுச்சேரி அதே தெருக்களின் அமைப்பில் மீண்டும் எழுந்ததற்கும், இடிக்கப்பட்ட ஆலம்பரை அப்படியே கிடந்ததற்கும் இந்த வேறுபாடு முக்கியக் காரணம். திரும்பி வந்து கட்டுவதற்கு உரியவர் என்று யாரும் இல்லை. ஆங்கிலேயர்களுக்குச் சென்னையும் கடலூரும் போதுமானவையாக இருந்தன. நவாப் முகமது அலி ஆங்கிலேயக் கம்பெனியைச் சார்ந்து ஆட்சி நடத்தும் நிலையில் இருந்தார். சொந்தத் துறைமுகம் நடத்தும் வலிமை அவரிடம் இல்லை.

உப்பின் கதையும் மாறியது. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு வணிகம் அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை நீட்டிக்கப்பட்டபின், உப்பு கால்வாய்ப் படகுகளில் சென்னைக்குச் சென்றது. கடல் வழியும் ஆலம்பரைத் துறையும் அதற்குத் தேவைப்படவில்லை. உப்பளங்கள் நிலைத்தன, அவற்றின் உப்பை ஏற்றிய துறை மறைந்தது.

கட்டட அமைப்பு

கோட்டைப் பகுதி ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புடையது. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. செஞ்சி, வேலூர்க் கோட்டைகளின் கருங்கல் மதில்களோடு ஒப்பிடும்போது இது வேறுபட்டது. அருகில் பாறை இல்லாத மணற்கரையில் செங்கல்லே எளிதில் கிடைக்கும் பொருள். கழிகளில் கிடைக்கும் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்வது இக்கடற்கரையின் பழைய தொழில்.

மதிலின் சில பகுதிகள் இன்றும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. கொத்தளங்களின் சிதைவுகளையும், துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்கான துளைகளையும் காணலாம். பெரிய சுவர்த்துண்டுகள் உடையாமல் முழுதாகச் சாய்ந்து கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். செங்கல்லும் சாந்தும் ஒரே உடலாக இறுகியிருப்பதால், அடி மண் போனாலும் சுவர் உதிராமல் பாளமாகச் சாய்கிறது. சுவரின் குறுக்குவெட்டை வெளிப்படையாகக் காட்டும் இப்பாளங்கள் கட்டுமான முறையை அறிய உதவுகின்றன.

இன்றைய நிலை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கோட்டையின் கடல் பக்கத்தைப் பாதித்தது. கோட்டை சுனாமியில் அழிந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். அலை தாக்கியது 244 ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்ட கோட்டையை. மதில் முழுமையை இழந்தது போரால். எஞ்சியதைக் கடல், காற்று, உப்பு, மரவேர்கள், மனிதர்கள் என்று பலவும் குறைத்து வருகின்றன. காற்றில் வரும் உப்பு செங்கல்லுக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. முகத்துவாரம் இடம் மாறுவதாலும் மணல்திட்டு வளர்ந்தும் கரைந்தும் போவதாலும் கரையின் வடிவமே நிலையாக இருப்பதில்லை.

தமிழ்நாடு தொல்லியல் துறை 2011-12-ல் ஆலம்பரையில் அகழாய்வு மேற்கொண்டது. சங்க இலக்கியமும் சோழர் கல்வெட்டும் இல்லாத, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இடத்தை அகழ்ந்து பார்ப்பது தமிழகத்தில் அரிது. நாணயம் அடித்த இடம், சரக்கு வைத்த கிடங்கு, படைவீரர் தங்கிய அறை ஆகியவற்றைப் பற்றி எழுத்துச் சான்றுகள் சொல்லாதவற்றை மண்ணுக்கடியில் உள்ள அடித்தளங்களே சொல்ல முடியும். செங்கற்களை எடுத்துச் செல்வதும், சுவர்களில் ஏறுவதும், பெயர்களைக் கீறுவதும் அந்தச் சான்றுகளை நேரடியாக அழிக்கின்றன. பல தமிழ்த் திரைப்படங்களின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டுள்ளதால் வருவோர் எண்ணிக்கை கூடியுள்ளது.

பார்வையிடுதல்

சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் உள்ளது. மாமல்லபுரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஏறத்தாழ சம தொலைவு, சுமார் 50 கிலோமீட்டர். இச்சாலை வழியாகச் செல்லும் பேருந்துகளில் கடப்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே மீனவர் குடியிருப்பு வழியாகச் சில கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

கோட்டைக்குள் நிழல் குறைவு. காலையோ பிற்பகலோ ஏற்றது. மழைக்காலத்தில் சுவர்களின் அருகில் நிற்பது ஆபத்தானது. முதலில் மதிலை வெளிப்புறமாகச் சுற்றிவந்தால் கோட்டையின் அளவும், கழிக்கும் கடலுக்கும் இடையே அது அமைந்துள்ள முறையும் தெளிவாகும். பின்னர் கழிக்கரையில் நின்று பார்த்தால், இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும்: வெளியே அலை எழும்போதும் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். மீனவர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு, கழியைக் கடந்து கடலோர மணல்திட்டுக்குப் படகில் அழைத்துச் செல்கின்றனர். படகிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, சலங்கில் வந்து இறங்கியவர்கள் கண்ட திசையிலிருந்து கோட்டையைக் காணலாம்.

தெற்கே மரக்காணம் வரை செல்பவர்கள் சாலையின் இருபுறமும் உப்பளங்களையும், பூமீஸ்வரர் கோயிலையும், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியையும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் வலசைப் பறவைகள் அங்கு மிகுதி. வடக்கே திரும்புபவர்கள் சதுரங்கப்பட்டினத்தில் உள்ள டச்சுக் கோட்டையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே கடற்கரையில் எழுந்து ஒரே நூற்றாண்டில் போரால் சிதைந்த இரு செங்கல் கோட்டைகளை ஒப்பிட முடியும்.